இருநூற்றுப் பதிமூன்றாவது நாள்

அத்தியாயம் 11

போன வாரம் மகளை எடிட்டிங் அறையில் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோம். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தவள், அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் அவள் கேட்டது அம்மாவின் குரல்: "எனக்குக் குத்தினப்பவும் நீ இதையேதான் சொன்ன."

அம்மாவுக்கு ஊசி குத்தியிருக்கிறது. யாருக்கோ போட்ட ஊசி, யாருடைய ரத்தம் பட்டதோ தெரியாத ஊசி. வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மறைத்தவள் லேசுப்பட்டவள் இல்லை. பல்கலைக்கழக மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். யார் கையுறையை யார் எடுத்தது, யார் லீவு போட்டால் யார் நிற்பது என்று அத்தனை வழக்கும் அவளிடம்தான் வரும். அவள் தீர்ப்பு சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. அந்த வாய்தான் ஐந்தரை மாதம் பூட்டிக் கிடந்தது.

வியாழக்கிழமை காலை அவள் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டபோது மகள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு முன்னால் எழுந்தால் உடம்புக்கு ஆகாது என்று நினைக்கிற பெண்.

"என்னடி, காய்ச்சலா?"

"கையைக் காட்டும்மா."

"ஜோசியம் பாக்கப் போறியா?"

மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் இடது கையை இழுத்து விளக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த விரல்?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மகள் தன் விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"நடுவிரல். யார் சொன்னா உனக்கு?"

"நீதான் சொன்ன. திங்கக்கிழமை, சாப்பாட்டு நேரத்துல. மூட்டைங்களுக்குப் பின்னால நின்னு மாமாகிட்ட பேசினியே. உன் காலர்ல மாட்டின மைக்கைக் கழட்ட மறந்துட்டோம்."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சலவைக்கூடத்தைப் பற்றி இந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எடுக்கும் ஆவணப்படத்தில் கேமரா தனி, ஒலிப்பெட்டி தனி. கேமரா பிடிப்பவன் நெட்டையன், ஒலிப்பெட்டி மகளின் பொறுப்பு. சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் கேமராவை நிறுத்தினான். அவளும் எல்லாம் நின்றுவிட்டது என்ற நினைப்பில் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். பெட்டி அது பாட்டுக்கு நாற்பத்தொரு நிமிடம் ஓடியிருக்கிறது.

"நாப்பத்தொரு நிமிஷமா? நான் நடுவுல பாத்ரூம் போனேனேடி."

"அதை நான் கேக்கலம்மா. அந்த இடத்தைத் தள்ளி ஓட்டிட்டேன்."

"வேற யார் கேட்டா?"

"நெட்டையன். அப்புறம் மேம்."

ஜட்ஜம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டிய புருஷனிடமே சொல்லாததை ஒரு பேராசிரியையும், ஆறடி உயரப் பையன் ஒருவனும் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

"டெஸ்ட் எடுத்தியா?"

"மூணாவது மாசம் வெளியில ஒரு கிளினிக்ல எடுத்தேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஆறு மாசம் முடிஞ்சதும் இன்னொண்ணு எடுக்கணும். இன்னும் பதினேழு நாள் இருக்கு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"உங்கப்பா லாரியோட எந்த ஊர் ரோட்டுல இருக்காரோ. போன்ல சொல்ற விஷயமா இது? பயந்துபோய் வண்டியை எங்கயாவது விட்டுட்டாருன்னா?"

மகள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். சம்மதப் படிவம். அந்தப் பேராசிரியையிடம் ஒரு கண்டிப்பு உண்டு. படத்தில் வருகிற ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைப் பார்த்து, கேட்டு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது திரைக்குப் போகும்.

"உங்க கூடத்துல புதுசா சேந்த பொண்ணுக்கும் குத்தியிருக்கு. அதைப் பதிவேட்டுல எழுத வேண்டாம்னு மாமா சொல்றது தெளிவா கேக்குது. இதைப் படத்துல வெச்சா யாரும் மறைக்க முடியாது. கையெழுத்துப் போடும்மா."

"மாட்டேன்."

"ஏன், நீ சொன்னது பொய்யா?"

"நிஜம்தான். ஆனா எங்கண்ணன் என்னை நம்பி, என்கிட்ட பேசினது அது. ஒட்டுக்கேட்டதுக்கெல்லாம் என் கையெழுத்து விழாது."

"மாமா உன்னைக் காப்பாத்தலையே. நீ எதுக்கு மாமாவைக் காப்பாத்தற?"

ஜட்ஜம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மகள் போட்டு வைத்திருந்த டீ மேஜையிலேயே ஆறியது.

*

சலவைக்கூடம் மருத்துவமனையின் முதுகுப்பக்கத்தில் இருக்கிறது. சாதாரணப் படுக்கை விரிப்புகள் நீலப் பையில் வரும், தொற்று உள்ளவை சிவப்புப் பையில் வரும். எதில் வந்தாலும் இயந்திரத்துக்குள் போகும் முன் நீளமான எஃகு மேஜையில் கொட்டிப் பிரிக்க வேண்டும். வார்டுகளில் அவசரத்தில் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிவிடுவது என்னென்னவோ. கத்தரிக்கோல், செல்போன், பல் செட், ஒருமுறை யாருடைய கல்யாண மோதிரமோ. சில நாள் ஊசி.

ஊசி குத்தினால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் கொண்டுபோனால் மருத்துவமனையிலேயே ரத்தம் எடுத்து, நோய் தொற்றாமல் இருக்க மருந்தும் கொடுப்பார்கள்; நாள் தள்ளினால் அந்த மருந்துக்குப் பலன் குறைந்துவிடும். ஆனால் எழுதினால் அது விபத்து. விபத்து என்றால் வாசலில் மாட்டியிருக்கும் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும்.

'விபத்தில்லா நாட்கள்' என்று பெரிய எழுத்தில் போட்ட பலகை. கீழே எண் அட்டைகள். காலையில் முதலில் வருபவர் அட்டையை மாற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். முதலில் வருபவள் எப்போதும் ஜட்ஜம்மாதான்.

அன்றைக்கும் கை தானாகப் போய்ப் பன்னிரண்டை எடுத்துவிட்டுப் பதிமூன்றை மாட்டியது. இருநூற்றுப் பதிமூன்று. மாட்டிய பிறகுதான் மனசு விழித்துக்கொண்டது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்து வந்த புதுப்பெண் மேஜையருகே நின்று கையுறை மாட்டினாள். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. யாரையும் எதிர்த்துப் பேச அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"ரத்தம் குடுத்தியா?"

"சீட்டு இல்லாம எடுக்க மாட்டாங்களாம்க்கா. சூப்பர்வைசர் சாரைக் கேட்டேன். சின்னக் குத்துதானே, கழுவிட்டல்ல, பயப்படாதன்னு சொன்னாரு."

"நாள் மூணாச்சு. வெளியிலயாவது காட்டினியா?"

"நேத்து கிளினிக் போனேன். ஆஸ்பத்திரியில நடந்ததுக்கு ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும்னு அனுப்பிட்டாங்க. நீங்க சொன்னா சார் கேப்பாருக்கா. நீங்கதான் அன்னைக்கே அவர்கிட்ட சண்டை போட்டீங்களே."

சண்டை போட்டதாகத்தான் ஜட்ஜம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பத்து மணிக்கு வந்தார். அவர்தான் மேற்பார்வையாளர். இவளுக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வேலை நேரத்தில் 'சார்', இடைவேளையில் 'அண்ணே' என்று இருவருக்கும் நடுவே ஓர் ஏற்பாடு. அன்றைக்கு இடைவேளைக்கு முன்பே தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உன் பொண்ணு நேத்து சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினா. வாய்க்கு வந்தபடி பேசினா. பதிவு பண்ணி வெச்சிருக்கோம்னு மிரட்டறா."

ஜட்ஜம்மாவுக்கு இது புதுச் செய்தி. பெற்ற பெண் தன்னிடம் கேட்பதற்கு முன்னால் மாமனிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

அண்ணன் ஒரு கடிதத்தை நீட்டினார். சுத்தமாக டைப் அடித்திருந்தது. மக்கள் தொடர்பு அதிகாரி காலையிலேயே அடித்துக் கொடுத்தாராம். 'சக ஊழியரிடம் வேடிக்கையாகப் பேசுகையில் சில விஷயங்களை மிகைப்படுத்திக் கூறிவிட்டேன். ஆவணப்படத்திலிருந்து என்னை முழுவதுமாக நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதைப் போட்டுக் குடுத்துடும்மா. விஷயம் முடிஞ்சிடும்."

"அந்தப் பொண்ணுக்குச் சீட்டு?"

"முதல்ல இது முடியட்டும்."

"அண்ணே, மூணு நாளாச்சு."

"எனக்குத் தெரியாதா? இன்னைக்குச் சீட்டு எழுதினா, இத்தனை நாள் ஏன் எழுதலன்னு மேலிடத்துல கேப்பாங்க. அப்புறம் உன் விஷயம் வரும். ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணா வரும். ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவன் நான். யார் உனக்கு இந்த வேலை வாங்கிக் குடுத்ததுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தாள். அவர் செய்தது பெரிய உதவிதான், மறக்கவில்லை. ஐந்தரை மாதமாக அந்த நன்றியைத்தான் அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதே கணக்கில் இன்னொரு பெண்ணையும் எழுதப் பார்க்கிறார்கள்.

கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

*

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் பல்கலைக்கழகத்துக்கு நடந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். பத்தொன்பது வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வேலை செய்தும் அந்தப் பக்கம் அவள் போனது இரண்டாவது தடவை. முதல் தடவை, மகளைச் சேர்க்க.

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு திரை, மூன்று நாற்காலி, சுவரெல்லாம் ஒட்டிய குறிப்புத் தாள்கள். ஒரு தாளில் 'ஜட்ஜம்மா, சிரிப்பு, நல்ல வெளிச்சம்' என்று எழுதியிருந்தது. மகள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நெட்டையன் எழுந்து, விளக்கில் தலையை இடித்துக்கொண்டான்.

"மாமாவுக்குப் போன் பண்ணினியாமே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி.

"முதல்ல மன்னிச்சிடுங்க. இது எங்க தப்பு. நீங்க அழிக்கச் சொன்னா உங்க கண் முன்னாலயே அழிச்சிடறோம்."

"வெக்கச் சொன்னா?"

"வெப்போம். டீன் காலையிலிருந்து ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு, ஆஸ்பத்திரியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை இருந்தா போதும்னு. அது என் தலைவலி. நான் பாத்துக்கறேன். உங்க கையெழுத்து இருந்தா யார் சொல்லியும் வெட்ட மாட்டேன். இல்லன்னா ஒரு செகண்டுகூட வெக்க மாட்டேன்."

ஜட்ஜம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன்னைப் போலவே அப்பீல் இல்லாமல் பேசுகிறவர்.

"முதல்ல நான் கேக்கறேன்."

மகள் ஹெட்போனை அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள்.

முதலில் துணி உரசும் சத்தம். பிறகு அண்ணனின் செருமல். பிறகு ஒரு பெண் குரல், மெல்லிசாக, கெஞ்சிக்கொண்டு: "அண்ணே, ப்ளீஸ்ண்ணே, சின்னப் பொண்ணுண்ணே, பாத்து ஏதாவது செய்யுங்கண்ணே." அண்ணன் ஏதோ அதட்டுகிறார். "எனக்குக் குத்தினப்பவும் நீ இதையேதான் சொன்ன" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் சிரிக்கிறது. ஆமாம், சிரிக்கிறது. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று சிரிக்கிற சிரிப்பு. "சரி விடுண்ணே, நான் அவகிட்ட சொல்லிக்கறேன்" என்று முடிகிறது.

யார் இந்தப் பெண்? திங்கட்கிழமை தான் அண்ணனைக் கிழிகிழி என்று கிழித்ததாகத்தானே நினைத்திருந்தாள். புதுப்பெண்ணும் அப்படித்தானே நம்பிக்கொண்டிருக்கிறாள். கிழித்த லட்சணம் இதுதானா?

ஹெட்போனைக் கழற்றினாள். அவமானம் காது வரை சுட்டது. மகள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"இதை அழிச்சிடு."

"அம்மா."

"அழிச்சிடுன்னேன். இதுல பேசறவ கெஞ்சறா. ஒரு ஊரே உக்காந்து நான் கெஞ்சறதைக் கேக்கணுமா?" நெட்டையன் பக்கம் திரும்பினாள். "தம்பி, கேமரா இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி."

"போடு. நான் நேரா சொல்றேன்."

பேராசிரியை எழுந்து, விளக்கைத் திருப்பி வைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்று ஜட்ஜம்மா தன் போனை எடுத்தாள். கூப்பிட்டாள், அண்ணன் எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினாள். "அண்ணே, நான் காலேஜ்ல இருக்கேன். எல்லாத்தையும் கேமரா முன்னால சொல்லப் போறேன். உன் முதுகுக்குப் பின்னால பேசக் கூடாதுன்னுதான் முன்கூட்டியே சொல்றேன். அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

மகள் காலரில் மைக்கை மாட்டினாள். "சிவப்பு லைட் எரிஞ்சா ஓடுதுன்னு அர்த்தம்மா" என்றாள்.

"அதை உனக்கு நீயே சொல்லிக்கோ."

நெட்டையன் சிரிப்பை மாற்றி இருமலாக்கினான். கேமரா ஓடத் தொடங்கியது.

முதலில் அவள் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்து, கேமராவுக்கு நேராகக் காட்டி, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது நான் எழுதினது இல்ல. எனக்காக எழுதிக் குடுத்தாங்க. இனிமே நான் சொல்றதுதான் என்னோடது. எங்க கூடத்துல ஊசி குத்தினா எழுதறது இல்ல. எனக்குக் குத்திச்சு. எழுதல. இந்தத் திங்கக்கிழமை இன்னொரு பொண்ணுக்குக் குத்திச்சு. அதையும் எழுதல. அவளுக்கு இன்னும் ரத்தம் எடுக்கல. எழுத வேண்டியது மேற்பார்வையாளர். அவர் என் கூடப் பொறந்த அண்ணன். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் இங்க பேசறேன்."

கேள்வி கேட்க வேண்டியது மகள். குறிப்புத் தாளில் எழுதி வைத்திருந்த கேள்வி எதையும் அவள் பார்க்கவில்லை.

"உங்களுக்குக் குத்தினது என்னைக்கு?"

"தேதி ஞாபகம் இல்ல. அன்னைக்குப் பலகையில நாப்பத்தேழு. மறுநாள் காலைல அதை நாப்பத்தெட்டுன்னு மாத்தினது அண்ணன் இல்ல. நான். விரல்ல பிளாஸ்டரோட நானேதான் மாத்தினேன். அன்னையிலிருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் மாத்திட்டிருக்கேன். அதனால தப்புல எனக்கும் பங்கு இருக்கு. அதையும் வெச்சுக்கோங்க, வெட்டாதீங்க."

"ஏன் வீட்டுல சொல்லல?" மகளின் குரல் உடைந்தது. படத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது.

ஜட்ஜம்மா கேமராவைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள்.

"பயம்டி. டெஸ்ட்ல ஏதாவது வந்துடுமோன்னு பயம். வந்தா அண்ணனுக்கு என்ன ஆகும்னு பயம், நீ படிப்பை விட்டுட்டு வந்து உக்காந்துடுவியோன்னு பயம். இனிமே பயப்பட எனக்குத் தெம்பு இல்ல. அந்தப் புதுப்பொண்ணுக்கு உன் வயசுதான்."

நெட்டையன் கேமராவை நிறுத்தினான். மகள் மறக்காமல் ஒலிப்பெட்டியையும் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் பெட்டியை அணைத்துக்கொண்டு அழுதாள்.

பேராசிரியை படிவத்தை நீட்டினார். ஜட்ஜம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தை முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. அண்ணன்.

பேச்சு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒளிக்க இனி என்ன இருக்கிறது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

"அப்போ நாளைக்கு ஏழு மணிக்கு வேலைக்கு வராத."

"ஏழுக்கு வரல. ஆறரைக்கே வந்துடறேன். வேண்டாம்னா எழுத்துல குடு. அதையும் இதே மாதிரி படிச்சுக் காட்டறேன்."

அவர் கத்துவார், நன்றிகெட்டவள் என்பார், அண்ணியை விட்டுப் பேச வைப்பார் என்று எல்லாவற்றுக்கும் ஜட்ஜம்மா பதில் தயாராக வைத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"உனக்கு ரெண்டாவது டெஸ்ட் இன்னும் பதினேழு நாள்ல தானே?"

ஐந்தரை மாதத்தில் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்காத மனுஷன். மனசுக்குள் நாளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தனியா போகாதம்மா. நான் கூட வரேன்."

ஒரு நொடி அவள் இளகித்தான் போனாள். கூடப்பிறந்த பாசம் எங்கே போகும்? ஆனால் இளகினால் மறுபடியும் அந்தக் கெஞ்சுகிற குரல் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு இன்னும் நாள் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு இல்ல. இப்பவே போய் அவளுக்குச் சீட்டு எழுது. உன் கையெழுத்தைப் போட்டு, நீயே அவளைக் கூட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் என் கூட வா."

அண்ணன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. அவருடைய மூச்சுச் சத்தத்தை நாலு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.